"சார், நீங்க உடனே வந்து பார்க்கணும்"

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் சேர்த்து வகுப்பு எடுக்கிறேன். நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் மேலே இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். "பயப்படாம பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே என்று வீட்டிலும் கல்லூரியிலும் கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு, முதலில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வேண்டும்.

எங்கள் பகுதிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் நோய் உண்டு; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் அது முதலில் பதிவானதே 1952இல், நீலகிரியில்தான். அந்த நோயாளிக்கு நெஞ்சு வலியோடு மூச்சும் திணறினால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடலாம். அதனால் பயிற்சிக்கு அந்தக் கேஸையே எடுத்தேன். ஒரு இளம் சிஸ்டரிடம் போனைக் கொடுத்து, ராத்திரி இரண்டு மணி, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஆறாம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்."

தூக்கக் கலக்கத்தில் இருக்கிற எந்த டாக்டரும் "சரி, காலையில பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்.

அப்புறம் எஸ்பார் (SBAR) என்ற, தகவல் சொல்லும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, 2000களின் தொடக்கத்தில் கெய்சர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் வழியாக மருத்துவத்துக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படி. முதல் இரண்டும் எல்லோருக்கும் சுலபமாக வந்துவிடும். மூன்றாவதில் நின்றுவிடுவார்கள். "கணிப்பை நாங்க சொல்லலாமா மேடம்? அது டாக்டர் வேலையாச்சே" என்று அந்த சிஸ்டரும் கேட்டார். நோய்க்குப் பேர் வைக்க வேண்டாம், மோசமாகிறார் என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொன்னால் போதும் என்றேன். மறுபடி போனை எடுத்தார்.

"சார், ஆறாம் பெட், ஆக்சிஜன் 96இலிருந்து 89க்கு இறங்கியிருக்கு, மூச்சு நிமிஷத்துக்கு 32. சிக்கிள் செல், சாயங்காலத்திலிருந்து நெஞ்சு வலி. எனக்கு மோசமாகுதுன்னு தோணுது. நீங்க உடனே வந்து பார்க்கணும் சார்."

இரண்டு தடவை 'சார்' இருக்கிறது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

கேட்பவருக்கும் பயிற்சி வேண்டும், அதுதான் கஷ்டமான பாதி. இங்கிலாந்தில் 2005இல் எலேன் பிராமிலி என்ற பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுப் பாதை அடைபட்டது. தொண்டையில் துளையிடும் கருவியை ஒரு நர்ஸ் கொண்டுவந்தே வைத்தார், மூத்த டாக்டர்கள் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, எங்கள் மூத்த சர்ஜனை நர்ஸாக நடிக்க வைத்தேன். எதிரில் டாக்டராக நடித்தவர் "இப்ப என்ன?" என்று எரிந்து விழுந்ததும், சர்ஜனுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அவர் இப்போது ரவுண்ட்ஸில் கடைசியாக, "நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று எல்லோரையும் கேட்கிறார், அதுவும் ஆக இளையவரிலிருந்து. ஒரு நாள் பணியர் பழங்குடிச் சமூகத்துச் சுகாதாரப் பணியாளர் அக்கா, "இவர் காலையிலிருந்து தண்ணியே குடிக்கலைங்க" என்றார். கேஸ் ஷீட்டில் அது இல்லை. சிக்கிள் செல் நோயாளிக்கு உடம்பில் நீர் வற்றினால் சிவப்பணுக்கள் இன்னும் வளைந்து ரத்தக் குழாய்களை அடைத்துவிடலாம்.

வார்டு ஆயாக்களையும் இந்த வகுப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை. உங்களில் யாராவது செய்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.