பிரான்ஸ் கொலம்பியே கிராமத்துல என்ன பாக்கலாம்?

காட்பாடிக்காரன்:
ஜூலைல பையன்கிட்ட போறோம், பெசியே நகரம் பக்கம் கொலம்பியேல ரூம் போட்டிருக்கான், மிடி கால்வாய் தவிர வேற என்ன இருக்கு? அம்மாவால ரொம்ப நடக்க முடியாது.

ஆரணிப்பட்டு:
கால்வாயையே லேசா நினைக்காதீங்க சார், 1681லயே முடிச்சது. மல்பாஸ்ங்கற இடத்துல மலையக் குடைஞ்சு சுரங்கத்துக்குள்ள படகு போகும், மேல ஆன்செருன், ரோமானியருக்கு முந்தின ஊரு. அங்கேர்ந்து கீழ பாத்தா மோந்தாதி ஏரி, 13ஆம் நூற்றாண்டுலயே தண்ணிய வடிச்சு வயலாக்கிட்டாங்க, வாய்க்கால் எல்லாம் வண்டிச் சக்கரம் மாதிரி நடுவுல வந்து சேரும், அந்த வடிகாலும் அதே மலைக்கு அடியிலதான் போகுது. நம்மூரா இருந்தா பிளாட்டு போட்டிருப்பாங்க 😀

ஆம்பூர் அக்கா:
அம்மாவ பெசியேல இருக்கற ஃபோன்செரானுக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி, கால்வாய்ல மதகு மதகா படகு ஏறி இறங்கறத உக்காந்தே பாக்கலாம். கரை மரத்துக்கெல்லாம் நோய் வந்து நிறைய வெட்டிட்டாங்க, குடை எடுத்துக்கோங்க.