புதுப்பிப்பு: பிஜன் வேலி குடும்ப நாளுக்கு ஆயாவோடும் பிள்ளைகளோடும் போய் வந்தோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கிளென்வுட்டில் உள்ள பிஜன் வேலி காட்டில் ஜூன் மாதக் குடும்ப நாளுக்கு, முழங்கால் வலியுள்ள ஆயாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா, ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் பறவையைப் பார்க்க வழி என்ன என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போனோம், பறவையையும் பார்த்தோம்.

பலித்தது, "நடந்து தேடாதீங்க, ஓரிடத்துல நின்னு சருகுச் சத்தத்தைக் கேளுங்க" என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். இந்தப் பறவை தரையில் சருகைப் புரட்டித்தான் இரை தேடும். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய், பள்ளத்தாக்கின் அடிப்பாதையில் பேசாமல் நின்றோம். சரசரப்பு கேட்டது, வெள்ளை மார்பில் கரும்புள்ளிகளோடு பாதையோரத்திலேயே நின்றது, அவ்வளவு அழகு! தெற்கே கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வருகிற பறவை என்பதால், இங்கே கோடைகாலமான ஜனவரியில் போய்த் தேட வேண்டாம்.

மடக்கு நாற்காலி எடுத்துப் போகச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. ஆயா அடிப்பாதையிலேயே உட்கார்ந்துகொண்டார்; மேலேறும் பாதைகள் முழங்கால் வலிக்கு ஆகாது.

எதிர்பாராத ஒன்று: பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது வழிகாட்டி புரட்டிக் காட்டிய உளுத்த கட்டை. அடியில் சுருண்டு கிடந்த சொங்கொலோலோவை (மரவட்டையை) விட்டு வர அவர்களுக்கு மனசே இல்லை. பார்த்து முடித்ததும் கட்டையை முன்பிருந்தபடியே வைக்க வேண்டும் என்று அவர் பழக்கியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குரங்குகளுக்குப் பயந்து சாப்பாட்டைக் காரிலேயே பூட்டி வைத்தோம். தொல்லை இல்லை.