போடோனி தலைப்புக்கு மட்டும்தானா?

மைக்கூடு:
ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றை வடிவமைக்கிறேன், 64 பக்கம். தலைப்பு, கவிதை எல்லாமே போடோனி எழுத்துருவில் இருக்கட்டும் என்று ஆசை. தடித்த கோடும் மயிரிழையும் மாறி மாறி வரும் அந்த மிடுக்கு எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. கூட வேலை செய்பவரோ, "அது பார்க்கிற எழுத்து, படிக்கிற எழுத்து இல்லை" என்கிறார்.

மெய்ப்புக்காரன்:
அவர் சொல்வதுதான் சரி. போடோனியில் செங்குத்துக் கோடுகள் கனமாக நிற்கும். அவற்றை இணைக்கும் கோடும், முனைகளில் வரும் குறுங்கோடான செரிஃபும் இழையளவுதான். 9 பாயிண்டில் இழை மங்கிவிடும், வேலிக்கம்புகள்தான் கண்ணில் படும். ரிவர்ஸில், அதாவது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் இன்னும் மோசம், மை பரவி இழையை விழுங்கிவிடும். பட்டுத் தெரிந்துகொண்டது: ஓர் அழைப்பிதழை 7 பாயிண்டில் ரிவர்ஸில் விட்டு, மொத்தத்தையும் திரும்ப அடித்தோம்.

பழைய ஈயம்:
பழியை இந்த எழுத்தை உருவாக்கியவர்மேல் போடாதீர்கள். இத்தாலியின் பார்மாவில் அச்சகம் நடத்திய ஜியாம்பாட்டிஸ்டா போடோனி ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டியவர். அவர் 1813இல் இறந்தார். 1818இல் அவர் மனைவி வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் அளவுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நாம்தான் 72 பாயிண்டுக்கு வரைந்ததை 9க்குச் சுருக்கிவிட்டுக் கண் வலிக்கிறது என்கிறோம். 1994இல் வந்த ஐடிசி போடோனி என்ற எழுத்துருவில் 6, 12, 72 என்று மூன்று தனி வரைவுகள் உண்டு. 6க்கு வரைந்ததில் இழை நன்றாகவே தடித்திருக்கும்.

மெய்ப்புக்காரன்:
அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர் எத்தனை பேர்?

பழைய ஈயம்:
போடோனி மோடா என்ற எழுத்துரு இலவசம்தானே! 6 முதல் 96 வரை அளவுக்கேற்ப வடிவம் மாறும். உலாவியில் தானாகவே மாறும். அச்சு வேலையில், சரியான அளவு வந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெய்ப்புக்காரன்:
சரி, இழைப் பிரச்சினை தீர்ந்தது. குணத்தை என்ன செய்வீர்கள்? எதை எழுதினாலும் வாசனைத் திரவிய விளம்பரம் மாதிரி இருக்கிறதே. ஒப்பாரிக் கவிதைக்கு அது பொருந்துமா?

பழைய ஈயம்:
அந்த வாடை பிற்கால ஃபேஷன் இதழ்கள் பூசியது. போடோனி 1791இல் ரோமானியக் கவிஞர் ஹோரேஸையும் 1808இல் ஹோமரின் இலியட்டையும் அச்சிட்டார்.

மெய்ப்புக்காரன்:
பெரிய எழுத்தில், தாராளமான ஓரம் விட்டு! பிரபுக்களின் மேசையை அலங்கரித்த புத்தகங்கள் அவை. படித்தார்களா என்பது வேறு கதை.

பழைய ஈயம்:
ஹஹா, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவிதைக்கும் அந்த வெற்றிடம் இருக்கிறதே. வரி குட்டை, பக்கத்தில் பாதி வெள்ளை. நாவல் என்றால் நானே வேண்டாம் என்பேன்.

மைக்கூடு:
மோடாவில் சின்ன அளவு வடிவத்தை வைத்து, 11 பாயிண்டில் இரண்டு பக்கம் புரூஃப் எடுத்தேன். கவிதை நன்றாகவே படிக்க வருகிறது. சாய்வெழுத்தில் இருந்த முன்னுரைதான் கண்ணைக் கட்டியது. அதற்கு வேறு எழுத்துரு போட்டுவிடுகிறேன்.

மெய்ப்புக்காரன்:
எந்தத் தாள்?

மைக்கூடு:
புரூஃப் வழவழப்பான ஆர்ட் பேப்பரில், லேசர் பிரிண்டரில். புத்தகம் வழவழப்பில்லாத தாளில், ஆஃப்செட்டில்.

மெய்ப்புக்காரன்:
அப்படியானால் மை ஊறி எல்லாக் கோடும் சற்றுத் தடிக்கும், இழைக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் பார்த்த மிடுக்கு அதே அளவுக்கு இருக்காது. அந்தத் தாளிலேயே ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.