ரோஸ்ஹிப் எண்ணெய் பூசிய பிறகு நெற்றி முழுக்கப் பொரி: நிறுத்துவதா, தொடர்வதா?

நித்யா, வேளச்சேரி

எல்லோருக்கும் வணக்கம். பரு ஆறிய பிறகு கன்னத்தில் தங்கிவிட்ட கருந்தடங்களுக்காக ரோஸ்ஹிப் எண்ணெய் வாங்கினேன். வைட்டமின் சி நிறைய இருக்கிறது, தடம் மங்கும், முகம் பளிச்சென்று ஆகும் என்று பார்க்கிற வீடியோவில் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வடியும். கன்னம் மட்டும் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து வறண்டு இழுக்கும்.

காலையிலும் இரவிலும் நாலைந்து சொட்டு எடுத்து முகம் முழுக்கத் தேய்க்கிறேன். கன்னத்தில் அந்த இழுப்பு நின்றுவிட்டது, அது உண்மை. ஆனால் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஒட்டிக் கடுகு அளவில் பொரிப்பொரியாகக் கிளம்பியிருக்கிறது. எல்லாம் ஒரே அளவு. வியர்த்தால் அரிப்பு தாங்கவில்லை. கருந்தடமோ இருந்தபடியே இருக்கிறது.

"இது பர்ஜிங், உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது, விடாமல் பூசு" என்கிறாள் தோழி. தூக்கிப் போடு என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

செல்வி, மதுரை (மருந்தாளுநர்)

முதலில் நெற்றியில் பூசுவதை இன்றைக்கே நிறுத்தும்மா. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சில விஷயங்கள் தெரிய வேண்டும். எண்ணெய் என்ன நிறம்? மூடியைத் திறந்து முகர்ந்தால் என்ன வாடை வருகிறது? பாட்டில் கறுப்பா, வெள்ளைக் கண்ணாடியா? எங்கே வைத்திருக்கிறாய்? பின்பக்க லேபிளில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே போடு. பொரியின் தலையில் கரும்புள்ளி, வெள்ளைப்புள்ளி ஏதாவது தெரிகிறதா? வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போடுகிறாயா?

நித்யா, வேளச்சேரி

நன்றி அக்கா. நிறம் வெளிர் மஞ்சள். வெள்ளைக் கண்ணாடி பாட்டில், டிரஸ்ஸிங் டேபிளில் ஜன்னல் ஓரமாக இருக்கிறது. லேபிளில் "ரோசா கேனினா சீட் ஆயில்", அடுத்து "பர்ஃப்யூம்", அவ்வளவுதான். வாங்கிய புதிதில் ரோஜா வாசனை வந்தது. இப்போது அதற்கு அடியில் பெயின்ட் அடித்த அறையில் வருகிற மாதிரி ஒரு வாடை. பொரியில் கரும்புள்ளி எதுவும் இல்லை. சன்ஸ்கிரீன் போடுவதில்லை, நாள் முழுக்க ஆபீஸுக்குள்தானே?

செல்வி, மதுரை (மருந்தாளுநர்)

பெயின்ட் வாடை என்று சொன்னாயே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது.

நமக்குப் பழகியது தேங்காய் எண்ணெய். அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதனால் மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் எளிதில் கெடாது. ரோஸ்ஹிப் அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி லினோலெயிக் அமிலம், ஆல்பா லினோலெனிக் அமிலம் என்கிற நிறைவுறாத கொழுப்புகள்தான். இந்த இரண்டாவது அமிலம்தான் ஆளி விதை எண்ணெயிலும் நிறைய இருக்கிறது. காற்றுப் பட்டால் அது காற்றோடு சேர்ந்து இறுகிவிடும். ஓவியர்களின் எண்ணெய் வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் ஆளி விதை எண்ணெயைச் சேர்ப்பதே இந்தக் குணத்துக்காகத்தான். வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். சென்னை வெயிலில் ஜன்னல் ஓரம் என்றால் கேட்கவே வேண்டாம். சிக்குப் பிடித்த எண்ணெய் தோலை எரிச்சல்படுத்தும்.

ரோஜா வாசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோஸ்ஹிப் எண்ணெயை இதழிலிருந்து எடுப்பதில்லை. காட்டு ரோஜாவில் பூ உதிர்ந்த பிறகு சிவப்பாக ஒரு சின்னப் பழம் பிடிக்கும், அதன் விதையிலிருந்து எடுப்பது. நல்ல எண்ணெயில் ரோஜா மணக்காது, லேசாக மண்வாசம், மரவாசம் மாதிரிதான் இருக்கும். உன்னுடையதில் மணந்தது அந்த பர்ஃப்யூம். சிலருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது.

வைட்டமின் சி விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். அது பழத்தின் சதையில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு இறக்குமதி நின்றபோது பிரிட்டனில் இந்தப் பழத்தைக் காட்டில் பறித்து வந்து சிரப் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் வைட்டமின் சி தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. விதையைப் பிழிந்த எண்ணெயில் அது கிட்டத்தட்ட இல்லை. வைட்டமின் சி-யை நம்பி இதை வாங்குபவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள்.

பர்ஜிங் என்கிற பேச்சும் இங்கே பொருந்தாது. ட்ரெட்டினாயின் (ரெட்டினாயிக் அமிலம்) மாதிரி, தோல் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் கூட்டுகிற மருந்துகளில்தான் அது நடக்கும். ரோஸ்ஹிப்பில் அந்த வகை அமிலம் இருப்பதாகச் சொன்னாலும் அது மிகச் சொற்பம்.

இனி பொரி. ஒரே அளவு, அரிப்பு, முடி ஓரம், வியர்த்தால் அதிகம், கரும்புள்ளி கிடையாது. இது சாதாரணப் பருவாகத் தெரியவில்லை. மலசீசியா என்று ஒரு ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, எல்லோர் தோலிலும் இருப்பதுதான். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் அது மயிர்க்கால்களில் பெருகி இப்படிப் பொரியும். எண்ணெய்களில் இருக்கிற கொழுப்பு அமிலங்கள்தான் அதற்குத் தீனி. பரு க்ரீம் போட்டால் இது அடங்காது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும். ஆனால் நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். தோல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடு.

கார்த்திக், சேலம்

நித்யா, என் தங்கைக்கு இதே கருந்தடம் இருந்தது. மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், சில நாளிலேயே முகம் வெள்ளையாகிவிட்டது. எண்ணெயோடு போராடுவதைவிட அதை வாங்கிப் போடுங்கள்.

செல்வி, மதுரை (மருந்தாளுநர்)

தம்பி, அந்த ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. சில நாளில் வெளுத்தது என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகப் பொங்கும். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அதற்குப் பிறகும் கடையில் வந்து "வெள்ளையாக்குற க்ரீம்" என்று கேட்பவர்கள் குறையவில்லை. தங்கை இன்னும் போடுகிறார் என்றால் டக்கென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

வசந்தி, ரொறன்ரோ

நித்யா தங்கச்சி, இவ்வளவையும் வாசித்துவிட்டு ரோஸ்ஹிப்பே கூடாது என்று நினைத்துவிடாதேயும். நான் பல வருடமாகப் பாவிக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்றில் ஈரமே இராது. கன்னமும் மூக்கோரமும் வெடித்துச் செதில் செதிலாக உரியும். வெறும் லோஷன் பூசினால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இழுக்கும்.

இரவில் முகம் கழுவி, துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே மொய்ஸ்சரைசர் பூசுவேன். பிறகு இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, கன்னத்தில் ஒற்றி எடுப்பேன். தேய்க்கிறது இல்லை. எண்ணெய்க்குச் சொந்தமாக ஈரம் கிடையாது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். காய்ந்த முகத்தில் பூசினால் மேலே மினுங்கும், உள்ளே இழுப்பு அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெய் மாதிரிப் பிசுபிசுக்காமல் சீக்கிரம் தோலோடு சேர்ந்துவிடுவதால் தலையணையும் பழுதாகாது.

லினோலெயிக் அமிலம் தோலின் மேற்படையைக் கட்டிக் காக்கிற செரமைடுகளுக்கு வேண்டிய சரக்கு. பரு வருகிறவர்களின் எண்ணெய்ச் சுரப்பில் அது குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. உம்முடைய கன்னத்தில் இழுப்பு நின்றது தற்செயல் இல்லை.

தழும்புக்கு நல்லது என்கிற பேரும் சும்மா வந்ததில்லை. சிலி நாட்டின் தெற்கில் இந்த ரோஜா காடாக மண்டிக் கிடக்கும், ரோசா மொஸ்கேட்டா என்பார்கள், எண்ணெய் அங்கேயிருந்துதான் நிறைய வருகிறது. ஸ்பெயினில் அறுவைச் சிகிச்சைத் தழும்புகளில் பூசிப் பார்த்து, சிவப்பும் நிற வேறுபாடும் குறைந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அது புதுத் தழும்பு. பருவின் கருந்தடத்துக்கும் அதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள ஏலாது.

திரும்ப வாங்கினால் கருமையான போத்தலில், வாசனை சேர்க்காத, கோல்ட் பிரஸ்ட் (சூடாக்காமல் பிழிந்த) எண்ணெயாகப் பார்த்து வாங்கும். நிறம் பொன் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை இருக்கும். வெளிறியது பெரும்பாலும் சுத்திகரித்தது, கெட்டது என்றில்லை.

ரேவதி, தஞ்சாவூர்

இதோடு எலுமிச்சைச் சாறு கலந்தால் வைட்டமின் சி கிடைத்துவிடுமே, பூசலாமா?

செல்வி, மதுரை (மருந்தாளுநர்)

வேண்டாம் ரேவதி. எண்ணெயும் சாறும் ஒட்டாது. எலுமிச்சை தோலை எரிக்கும், அதோடு வெயிலில் போனால் புண்ணாகிப் புதிதாகவே கறுக்கும். வைட்டமின் சி வேண்டுமென்றால் அதற்கென்று சீரம் இருக்கிறது.

நித்யா, வசந்தி சொன்ன முறையை அப்படியே பிடித்துக்கொள்: கன்னத்துக்கு மட்டும், இரவில் மட்டும். புது பாட்டில் வந்ததும் நேராக முகத்துக்குக் கொண்டுபோகாதே. முழங்கையின் உள்பக்கம் சில நாள் பூசிப் பார்த்துவிட்டுப் போ. தடத்துக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான். நம் நிறத் தோலில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் எதைப் பூசினாலும் தடம் மங்காது. ஆபீஸ் போகிற வழியில் படுகிற வெயிலும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதும் கணக்கில் சேரும். எண்ணெய் ஒருநாளும் சன்ஸ்கிரீன் ஆகாது.

நித்யா, வேளச்சேரி

மருத்துவரைப் பார்த்தேன். செல்வி அக்கா சொன்னதேதான், மயிர்க்காலில் ஈஸ்ட். கீட்டோகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து கொடுத்தார். நெற்றியில் எந்த எண்ணெயும் ஆகாது, தலைக்கு வைக்கிற எண்ணெய்கூட முகத்தில் வழியக் கூடாது என்றார். அரிப்பு போய்விட்டது, பொரியும் முக்கால்வாசி அமுங்கிவிட்டது. தடத்துக்கு அசிலாயிக் அமிலமும் சன்ஸ்கிரீனும் எழுதியிருக்கிறார், மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருக்கச் சொன்னார். கன்னத்துக்கு ரோஸ்ஹிப் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், புதியது என்றால் சரி என்றார். பழைய எண்ணெய் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது. காலுக்காவது பூசலாமா அக்கா?

செல்வி, மதுரை (மருந்தாளுநர்)

காலும் தோல்தானேம்மா. பழைய பேப்பரில் ஊற்றி ஊறவைத்துக் குப்பையில் போடு, சிங்கில் கொட்டாதே. புதிது வாங்கும்போது சின்ன பாட்டிலாக வாங்கு. திறந்த தேதியை மார்க்கரில் பாட்டிலின் மேலேயே எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் வை, ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடு. லேசாகப் பெயின்ட் வாடை அடித்தால் தேதிகூடப் பார்க்க வேண்டாம், அத்தோடு விட்டுவிடு.