மொட்டை மாடி 40 மீட்டர் ஆண்டெனா: தனியாக எர்த் போட்டும் மைக் கடிக்கிறது, உதவுங்கள்

சத்துவாச்சாரி_40மீ

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தில் வீடு. கீழ்த்தளம், முதல் தளம், மேலே மொட்டை மாடி. மாடியில் உள்ள சின்ன ரூமில்தான் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ. 100 வாட் ரிக் (ரேடியோ பெட்டி), 13.8 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. மாடி நடுவில் 6 மீட்டர் ஜிஐ பைப் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) இன்வர்டட் வீ, அதாவது தலைகீழ் V வடிவ வயர் ஆண்டெனா, இழுத்திருக்கிறேன். மூலைக்கு மூலை போகிறது. முனைகள் இரண்டும் கைப்பிடிச் சுவருக்கு ஒரு மீட்டர் மேலே நைலான் கயிற்றில் நிற்கின்றன. அதே கோஆக்ஸில் (ரிக்கிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள்) 20 மீட்டர் பேண்டுக்கும் (14 மெகாஹெர்ட்ஸ்) ஒரு ஜோடி வயர் உண்டு. வயர் எல்லாம் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் பிவிசி வயர். பாலன் (கேபிளையும் ஆண்டெனாவையும் பொருத்தும் உறுப்பு) எதுவும் இல்லை, கோஆக்ஸ் நேரடியாகக் கட்டியிருக்கிறது.

பிரச்சினைகள் இவை. எம்மனா என்ற ஆண்டெனா மாடல் மென்பொருளில் 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் மிகச் சரி) 1.2 காட்டியது. நானோவிஎன்ஏ மீட்டர் வைத்துப் பார்த்தால் 2.4. குறைந்த புள்ளி 6.86-இல் இருக்கிறது. கோஆக்ஸைக் கையால் நகர்த்தினால் அளவும் நகர்கிறது.

40-இல் டிரான்ஸ்மிட் செய்தால் மைக்கில் உதடு பட்ட இடம் சுருக்கென்று கடிக்கிறது, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் என் குரலே கரகரவென்று வருகிறது. 20-இல் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

இன்னொன்று, டிரான்ஸ்மிட் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று இருக்கிறது. முன்பு ரிக்கிலும் அப்படித்தான் இருந்தது. அதற்காக ரேடியோவுக்கென்று தனியாக எர்த் போட்டேன். நாலு அடியிலேயே பாறை வந்துவிட்டதால் ராடு அதற்கு மேல் இறங்கவில்லை. ரூமிலிருந்து ராடு வரை பத்தரை மீட்டர் செம்பு வயர். ரிக்கில் ஜிவ்வென்பது நின்றது, மைக் கடி மட்டும் நிற்கவில்லை.

உப்பு, கரி போட்டு இன்னொரு குழி தோண்டலாமா? இல்லை, போர்வெல்லில் வயர் இறக்கலாமா? மே மாத இடி தொடங்குவதற்குள் சரி செய்ய ஆசை.

குடியாத்தம்_வயர்மேன்

தம்பி, ரேடியோவை ஒரு ஓரமா வைங்க. சும்மா தொட்டாலே ஜிவ்வுன்னு இருக்குன்னா அது உங்க ஆண்டெனா வேலை இல்ல, வீட்டு வயரிங் வேலை. மூணு முள் சாக்கெட்டில் எர்த் பின்னுக்கு வயர் வந்திருக்கான்னு பாருங்க. பழைய வீடுகள்ல மேல் மாடி ரூம் பின்னாடி கட்டினதா இருந்தா, பேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்துட்டு எர்த்தை விட்டிருப்பாங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கிற பில்டர் கெப்பாசிட்டர் வழியா கொஞ்சம் லீக்கேஜ் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிடும். இல்லேன்னா மல்டிமீட்டர்ல பெட்டிக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 110 வோல்ட் பக்கத்தில் காட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு சொல்றேன். நாலு அடி ராடு, அதுவும் பாறை மண்ணு. நல்லா காய்ஞ்ச நேரத்தில் அதோட ரெசிஸ்டன்ஸ் 700 ஓம் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பவர் சப்ளையில் பேஸ் பாடியைத் தொட்டுடுச்சுன்னா 230-ஐ 700-ஆல் வகுங்க, அரை ஆம்பியர்கூட ஓடாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு (ட்ரிப் சுவிட்ச்) அது தெரியவே தெரியாது. ரிக் பாடி முழுசும் 230 வோல்ட்டில் நிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (லீக்கேஜைப் பார்த்துத் தட்டுற சுவிட்ச்) இருந்தா உடனே தட்டிடும். மெயின் போர்டில் அது இருக்கா?

போர்வெல்லில் வயர் இறக்காதீங்க. இப்போ போடுற கேசிங் பிவிசி, அதுக்குக் கீழே வெறும் பாறைத் துளை. மோட்டார் கேபிளும் அதே துளையில்தான் போகுது. இடி விழுந்தா மோட்டாருக்கும் சேர்த்து வழி காட்டின மாதிரி ஆகும்.

காட்பாடி_மாணவன்

ரேடியோ எர்த்தையும் வீட்டு எர்த்தையும் சேர்க்காமல் தனித்தனியாக வைத்தால் நாய்ஸ் குறையும் என்று சொல்கிறார்களே? இந்த ராடையே இன்னும் ஆழமாக்கினால் போதாதா?

ராணிப்பேட்டை_ஓஎம்

மாணவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். எர்த் என்று ஒரே வார்த்தையில் மூன்று வேலைகளைச் சொல்கிறோம். ஒன்று, பேஸ் பாடியில் பட்டால் ஆளைக் காப்பது. இரண்டு, இடியின் கரண்டை வீட்டுக்கு வெளியிலேயே மண்ணில் பரப்புவது. மூன்று, ஆர்எஃப், அதாவது ரேடியோ அலைக் கரண்டுக்கு வழி. முதல் இரண்டுக்கும் மண் வேண்டும். சத்துவாச்சாரிக்காரருடைய மைக் கடி மூன்றாவது வகை, அதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் பத்தரை மீட்டர் என்று எழுதியதைக் கவனியுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42.2 மீட்டர். கால் பங்கு 10.5 மீட்டர். அடியில் எர்த் ஆன கால் அலை வயருடைய மேல் முனையில் இம்பீடன்ஸ் (ஆர்எஃப் கரண்டுக்கான தடை) மிக அதிகம். அதாவது, டிசி மீட்டருக்கு ரிக் எர்த் ஆகியிருக்கிறது, 40 மீட்டர் ஆர்எஃப்புக்கு எர்த்தே இல்லை. அதே வயர் 14.2 மெகாஹெர்ட்ஸில், அதாவது 20 மீட்டர் பேண்டில், அரை அலை, கீழே உள்ள குறைந்த இம்பீடன்ஸ் அப்படியே மேலே வந்து நிற்கும். 20-இல் தொல்லை இல்லாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ராடை நாற்பது அடிக்கு இறக்கினாலும் மேலே உள்ள இந்த வயர் நீளம் மாறப்போவதில்லை.

ஆர்எஃப் ரூமுக்குள் வருவது கோஆக்ஸ் ஷீல்டின் வெளிப்புறம் வழியாக. டைபோல் (உங்கள் வீயும் அதுதான்) இரண்டு கையும் சமமானது, கோஆக்ஸ் சமமில்லாதது. நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் ஷீல்டின் வெளித்தோல் மூன்றாவது கையாகிவிடும். கேபிளை நகர்த்தினால் எஸ்டபிள்யூஆர் மாறுவது அதற்குச் சாட்சி. 31 கலவை ஃபெரைட் வளையம், 61 எம்எம் வெளிவிட்டம் உள்ளது, ஒன்று வாங்கி அதில் ஆர்ஜி-58 கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றி (இதைத்தான் சோக் என்கிறோம்) ஃபீட் பாயிண்டிலேயே, அதாவது கோஆக்ஸ் ஆண்டெனாவில் சேரும் இடத்திலேயே, வையுங்கள். 40 மீட்டரில் சில ஆயிரம் ஓம் தடுப்பு கிடைக்கும். கேபிள் ரூமுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று வைத்தால் இன்னும் நல்லது. 43 கலவை கிடைத்தாலும் ஓடும்.

தனி எர்த் விஷயம். இடியின் கரண்ட் 2 மைக்ரோ விநாடியில் 20 கிலோ ஆம்பியருக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரின் இண்டக்டன்ஸ் (வேகமாக மாறும் கரண்டை எதிர்க்கும் தன்மை) மீட்டருக்கு ஒரு மைக்ரோ ஹென்றி அளவில் இருக்கும். ஒவ்வொரு மீட்டரிலும் 10 கிலோ வோல்ட், பத்து மீட்டரில் லட்சம் வோல்ட். ரேடியோ ராடு ஒரு பக்கம், வீட்டு எர்த் இன்னொரு பக்கம் தனியாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுக்க ஆண்டெனா சாக்கெட்டில் நுழைந்து பவர் சப்ளை வழியாக வெளியேறும். நடுவில் இருப்பது உங்கள் ரிக், சில நேரம் உங்கள் கை. வீட்டில் எத்தனை ராடு இருந்தாலும் எல்லாம் ஒன்றோடொன்று கனமான கம்பியில் சேர்ந்தே ஆக வேண்டும். நாய்ஸுக்குப் பயந்து இதைப் பிரிக்காதீர்கள். நாய்ஸுக்கும் மருந்து அதே சோக்தான்.

திருப்பத்தூர்_மாடல்

சத்துவாச்சாரி தம்பிக்கு, மாடல் பக்கத்தை நான் சொல்கிறேன். அரை அலை நீளத்துக்கு 143-ஐ 7.1-ஆல் வகுத்து 20.14 மீட்டர் வெட்டியிருப்பீர்கள், சரியா? அது வெறும் கம்பிக்கான கணக்கு. பிவிசி உறை போட்ட வயரில் அலை சற்று மெதுவாகப் போகும், ரெசனன்ஸ் (அந்தக் குறைந்த புள்ளி) சில சதவீதம் கீழே இறங்கும். வீ வடிவம், சுவருக்கு அருகில் நிற்கும் முனைகள் இரண்டும் அதை இன்னும் கொஞ்சம் இறக்கும். எம்மனாவில் நீங்கள் கொடுத்தது உறையில்லாத கம்பியாக இருக்கும்.

இன்னொரு விஷயம் எம்மனாவுக்குள்ளேயே இருக்கிறது. அது மினிநெக் என்ற கணக்கு முறையில் ஓடுவது. இம்பீடன்ஸ் கணக்கிடும்போது தரையை முழுமையான கடத்தியாக எடுத்துக்கொள்ளும், நீங்கள் கொடுத்த மண் அளவுகள் கதிர்வீச்சு வரைபடத்துக்கு மட்டும்தான் போகும். தாழ்வான கிடைமட்ட ஆண்டெனாவில், அதாவது 0.2 அலைநீளத்துக்குக் கீழே, இதனால் இம்பீடன்ஸ் நிஜத்திலிருந்து நன்றாகவே விலகும். வேறு மென்பொருள்களில் 4நெக்2 இலவசம், ஈசிநெக் 2022-இலிருந்து இலவசம். இரண்டிலும் நிஜமான தரை மாதிரி உண்டு. நம் பாறை மண்ணுக்குக் கடத்துத்திறன் 0.001 அல்லது 0.002, பெர்மிட்டிவிட்டி 5 முதல் 10 வரை போட்டுப் பாருங்கள்.

உயரத்தைத் தரையிலிருந்து கொடுப்பதா, மாடியிலிருந்து கொடுப்பதா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாடி காங்கிரீட்டில் கம்பி வலை இருக்கிறது, ஆனால் அது தரை போல விரிந்து கிடப்பதில்லை. நான் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்ப்பேன். நிஜ ஆண்டெனா இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கும். நெக்-2 கணக்கு முறையில் மண்ணுக்குள் புதைந்த கம்பியைப் போட முடியாது என்பதால் எர்த் ராடை மாடலில் சேர்க்க முயல வேண்டாம். டைபோலுக்கு அது தேவையும் இல்லை.

முதலில் சோக் போடுங்கள், பிறகு அளவெடுங்கள். சோக் இல்லாமல் எடுக்கும் அளவு ஆண்டெனாவும் கேபிளும் கலந்த அளவு. அப்போதும் 6.86-இலேயே நின்றால் 20.14-ஐ 6.86-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள், 19.46 வரும். மொத்தம் 68 செ.மீ., பக்கத்துக்கு 34. வெட்டாமல் முனையை மடித்து அதே வயரோடு ஒட்டிக் கட்டிப் பாருங்கள். 40 சரியான பிறகு 20-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி_40மீ

எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணன் சொன்னபடியே மாடி ரூம் சாக்கெட்டில் எர்த் வயரே வரவில்லை. நியூட்ரலுக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நடுவில் மீட்டர் 108 காட்டியது. கீழே மெயின் போர்டிலிருந்து புதிதாக எர்த் இழுத்து, ஆர்சிசிபியும் போட்டாயிற்று. ஜிவ்வென்பது போய்விட்டது.

ஃபெரைட் வளையம் வந்ததும் ஃபீட் பாயிண்டில் சோக் வைத்தேன். கேபிளை நகர்த்தினால் இப்போது எஸ்டபிள்யூஆர் அசையவில்லை. 100 வாட்டில் மைக் கடி இல்லை, ஸ்பீக்கரும் அமைதி. திருப்பத்தூர் அக்கா, சோக் வைத்த பின் குறைந்த புள்ளி 6.89-க்கு வந்தது. பக்கத்துக்கு 30 செ.மீ. மடித்ததில் 7.1-இல் எஸ்டபிள்யூஆர் 1.3.

மிச்சம் இருப்பது இடிக்கான எர்த் மட்டும். பாறையில் ஆழம் போக முடியாது. வீட்டு முன்னால் கார் நிறுத்த போர்ட்டிகோ கட்ட நாலு தூண் குழி எடுத்திருக்கிறார்கள். அதில் ஏதாவது செய்ய முடியுமா?

ராணிப்பேட்டை_ஓஎம்

காங்கிரீட் போடுவதற்கு முன் கேட்டீர்களே, அருமை! ஈரமான மண்ணில் உட்கார்ந்திருக்கும் காங்கிரீட், காய்ந்த பாறை மண்ணைவிட நன்றாகக் கடத்தும். இரண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்து வெடிமருந்துக் கிடங்குகளுக்கு ராடு பயன்படாதபோது ஹெர்பர்ட் உஃபர் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே எர்த்தாக்கினார். வேலூர் பாறைக்கும் அது பொருந்தும். குறைந்தது 6 மீட்டர் நீளக் கம்பி காங்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். நாலு தூண் அடித்தளக் கம்பிகளையும் பிளிந்த் பீம் (தரைமட்ட விட்டம்) கம்பியோடு இணைத்து, ஒரு ஜிஐ பட்டையை வெளியே எடுத்து விடுங்கள். குழிக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் மட்டும் விரிக்க விடாதீர்கள்.

அதோடு வீட்டைச் சுற்றி அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி ஜிஐ பட்டையைப் புதையுங்கள். ஆழம் போக முடியாத இடத்தில் அகலம் போவதுதான் வழி. இப்போதுள்ள ராடு, வீட்டு எர்த், தூண் கம்பி எல்லாம் இந்த வளையத்தில் சேரட்டும். மாடி பைப்பிலிருந்து ஒரு பட்டை வெளிச்சுவரில் நேராக, கூர்மையான வளைவில்லாமல் கீழே வந்து சேர வேண்டும். கோஆக்ஸ் நுழையும் இடத்தில் ஒரு உலோகத் தட்டில் கேஸ் டியூப் அரெஸ்டரை (வோல்ட் எகிறினால் எர்த்துக்குத் திருப்பிவிடும் உறுப்பு) மாட்டி அந்தத் தட்டையும் இதே வளையத்துக்கு இணையுங்கள். இவ்வளவு செய்தாலும், கத்திரி வெயில் சாயங்காலத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் கருத்தால் கோஆக்ஸைக் கழற்றிவிடுங்கள். ரூமுக்குள் கழற்றிப் போடாமல், வெளியே தட்டிலேயே கழற்ற வேண்டும்.

பைப் சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கும் கை வயர் (guy wire) எங்கே கட்டியிருக்கிறது? செங்கல் கைப்பிடிச் சுவரில் என்றால் மாற்றுங்கள். தூண் வரும் இடத்தில் காங்கிரீட்டில் கொக்கி போட வேண்டும். பைப் சாய்ந்தால் தெரு லைன் கம்பிக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்பதையும் அளந்து பாருங்கள்.

குடியாத்தம்_வயர்மேன்

ஐயா சொன்னதுக்கு மேல ரெண்டு வார்த்தை. கம்பியை வெறும் கட்டுக்கம்பியில் முறுக்கி விட்டா போதாது, எர்த்துக்கு எடுக்கிற கம்பியை வெல்டு வைக்கச் சொல்லுங்க. கொத்தனார் வேண்டாம்பார், பக்கத்திலேயே நில்லுங்க. செம்பையும் ஜிஐயையும் நேரா ஒட்டி போல்ட் போட்டா ஈரத்தில் ஜிஐ அரிச்சுடும், நடுவில் தகரம் பூசின லக் வைங்க. உப்பு வேண்டாம், ராடைத் தின்னுடும். வாய்க்காலுக்குப் பெண்டோனைட் (ஈரம் பிடிச்சு வைக்கிற களிமண் தூள்) போடுங்க, கிடைக்கலேன்னா ஏரிக் களிமண்ணைப் போட்டு நல்லா நனைச்சு மூடுங்க.

எர்த் டெஸ்டர் என்கிட்ட இருக்கு. பாறையில் டெஸ்டரோட சின்ன முளை இறங்காத இடத்தில் ஈர மணல் மூட்டை வச்சு அதில் குத்தி அளக்கலாம். வளையம் மூடுறதுக்கு முன்னாடி ஒரு தரம், மழைக்கு முன்னாடி மண்ணு காய்ஞ்சு கிடக்கும்போது ஒரு தரம் அளந்துடுவோம். தூண் குழிக்கு எப்போ காங்கிரீட் ஊத்துறாங்கன்னு மட்டும் இங்கேயே எழுதுங்க, முந்தின நாள் வந்து வெல்டைப் பாத்துட்டுப் போறேன்.

சத்துவாச்சாரி_40மீ

வரும் வியாழக்கிழமை ஊத்துறாங்க அண்ணே. புதன்கிழமை சாயங்காலம் வந்துடுங்க, வெல்டரையும் அன்னைக்கே வரச் சொல்லிட்டேன். கை வயர் ஒண்ணு செங்கல் சுவரில்தான் இருக்கு ஐயா, அதை அன்னைக்கே தூணுக்கு மாத்திடுறேன்.