மறு: ‘ஹலுசினேஷன்’ – இட்டுநிரப்பல் என்று சொல்லலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கான செயற்கை நுண்ணறிவுக் கையேட்டில் மற்றச் சொற்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கருவி இல்லாததை உண்மைபோல எழுதித் தருவதை ஆங்கிலத்தில் ‘ஹலுசினேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த ஒன்றில்தான் இரண்டு வாரமாக நிற்கிறோம். ‘மாயத்தோற்றம்’, ‘பிரமை’ இரண்டுக்கும் ஆதரவு இருக்கிறது. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. பிரமை என்பது இல்லாததைக் கண்டவருக்கு வருவது. சட்ஜிபிடி போன்ற கருவிகளை இயக்கும் ‘மொழி மாதிரி’ (language model) எதையும் காண்பதில்லை. முன்னால் இருக்கும் சொற்களை வைத்து அடுத்து எது வரக்கூடும் என்று கணித்துக் கோக்கிறது. தெரிந்த இடத்திலும் அதே வேலைதான், தெரியாத இடத்திலும் அதே வேலைதான். அதை ஒரு நோய் மாதிரி எழுதினால், தவறு கருவியுடையது என்று ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்வார். கருவியைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட முடியாது என்று ஆய்விதழ்களுக்கான பதிப்புநெறிக் குழுவான ‘கோப்’ (COPE) 2023இல் சொன்னதற்குக் காரணமே, எழுதியதற்கு அதனால் பொறுப்பேற்க முடியாது என்பதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் பேச்சை ஒலிப்பதிவு செய்தேன். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்ததால் பாதி சரியாகக் கேட்காது. “அன்னைக்கு எனக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்றார். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் பாதி நாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். கருவி அதை எழுத்தாக்கிச் சுருக்கித் தந்தது: பதிவேட்டில் தன் பெயரைப் பாதியாக எழுதினார்கள், அடையாளமே பறிபோனது போல் இருந்தது என்று அவர் வருந்தினாராம்.

அவர் பேசியது சம்பளத்தைப் பற்றி. அடையாளமும் வருத்தமும் கருவி போட்டவை. வாசிக்க நன்றாக இருந்ததால் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்காமல் அதை வைத்து ஒரு பந்தியே எழுதிவிட்டேன். வரைவை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, “நான் அப்படிச் சொல்லலையே மகள்” என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. (அவர் குரலை அவரிடம் கேட்காமல் கருவியில் ஏற்றியதும் என் பிழைதான். பதிவு செய்யத்தான் எனக்குச் சம்மதம் தந்திருந்தார். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.)

சரி, சொல்லுக்கு வருவோம். இந்தக் குழுவில் சேர் (நம் ஆசிரியர்) ‘இட்டுக்கட்டல்’ என்றார். அதற்கு அண்ணன் ஒருவர் எழுதியது:

> இட்டுக்கட்ட ஓர் உள்நோக்கம் வேண்டும். கருவிக்கு ஏது உள்நோக்கம்?

நியாயமான கேள்வி. அதனால்தான் ‘இட்டுநிரப்பல்’ என்கிறேன். ஒருவர் போன பிறகு ‘அந்த இடத்தை இட்டுநிரப்ப முடியாது’ என்கிறோமே, அதே வினைதான். வெற்றிடம் இருந்தது, எதையோ போட்டு நிரப்பியாயிற்று. உள்நோக்கத்தைப் பற்றி அது பேசவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறது. நிரப்பியது என்ன, வெற்றிடம் எங்கே என்று ஆய்வாளரைத் தேடவும் வைக்கும்.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றி இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு கருவியிடம் கேட்டேன். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் நிலை பிறகு என்றது. எண்கள் சரி. அதற்கு ஆதாரமாகக் காட்டிய கட்டுரை மட்டும் எங்கும் இல்லை. அது ‘இட்டுநிரப்பிய மேற்கோள்’. 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர்கள், கருவி தந்த, உண்மையில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டொலர் தண்டம் கட்டினார்களே, அவையும் இந்த வகைதான். ‘பிரமை மேற்கோள்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கவில்லை.

புள்ளிவிபரவியல் படித்த தங்கச்சி, விடுபட்ட தரவை நாங்களும் நிரப்புகிறோமே, குழப்பம் வராதா என்று கேட்டிருந்தார். வரும்தான். ஆனால் அங்கே எந்தக் கட்டத்தை எந்த முறையில் நிரப்பினோம் என்று ஆய்வேட்டில் எழுதிவைக்கிறோம். அதற்கு ‘தரவு நிரப்பல்’ இருக்கட்டும். ‘இட்டு’ என்ற முன்சொல் சேர்ந்தால், சொல்லாமல் நிரப்பியது என்று பட்டியலில் ஒரு வரி விளக்கம் போடுவோம்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் திங்கள் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியமாக அரைப்பேர் கதையைப் போட அந்த அம்மாவிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார்.