பழைய சுங்குடிச் சேலைகளில் ஒட்டுத்துணிப் போர்வை: எந்தத் துணியை எதனுடன் சேர்ப்பது?

திருநகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் குடியிருக்கும் என் மகளுக்காக, வீட்டிலுள்ள பழைய துணிகளைச் சதுரங்களாக வெட்டி இணைத்து ஒரு போர்வை தைக்க விரும்புகிறேன். போர்வையின் அளவு 60க்கு 90 அங்குலம். தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் 5 அங்குலம் இருக்க வேண்டும் என்பதால், அகலத்தில் 12, நீளத்தில் 18 என மொத்தம் 216 சதுரங்கள் தேவைப்படுகின்றன. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், கருநீலம் என என் தாயார் உடுத்திய, உடலெங்கும் புள்ளிகள் கொண்ட ஐந்து மதுரைச் சுங்குடிச் சேலைகளும், மயில் கழுத்து நிறத்தில் ஒரு சின்னாளபட்டிப் பருத்திச் சேலையும், இரண்டு பழைய வேட்டிகளும், ஒரு பை நிறைய ரவிக்கைத் துண்டுகளும் கைவசம் உள்ளன.

சென்ற மாதம் சோதனையாக 36 சதுரங்களை இணைத்துப் பார்த்தேன். தனித்தனியே அத்தனை அழகாக இருந்த துணிகள், சேர்ந்தபின் ஒரே இரைச்சலாகத் தெரிந்தன. போதாக்குறைக்கு முதல் சலவையிலேயே அரக்கு நிறம் இறங்கி, வேட்டிச் சதுரங்கள் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. ரவிக்கைத் துண்டுகளை இணைத்த இடங்களில் தையல் இழுத்துச் சுருங்கிக்கொண்டது. அம்மாவின் சேலைகளை இன்னொரு முறை பாழாக்க மனம் ஒப்பவில்லை. கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊசிமுனை எழுதியது:

உங்கள் நிறங்களில் குறை ஒன்றும் இல்லை, சகோதரி. அரக்கும் கத்தரிப்பூவும் கருநீலமும் பெயரால் வெவ்வேறு நிறங்களாக இருந்தாலும், அடர்த்தியில் மூன்றும் மிக நெருங்கியவை. அவற்றை அடுத்தடுத்து வைத்தால் நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒரே கரும்பரப்பாகத்தான் தெரியும். துணிகளை எல்லாம் வரிசையாகத் தரையில் பரப்பி, கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எது வெளிர், எது நடுத்தரம், எது அடர்த்தி என்பது அந்தப் படத்தில் ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும். அதன்படி மூன்று குவியல்களாகப் பிரித்துக்கொண்ட பிறகே எந்த நிறத்தை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். நான் முதல் இரண்டு போர்வைகளை இந்தப் பிரிவினை செய்யாமலே தைத்தேன்; இரண்டிலும் நான் வகுத்த கோலம் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

நீங்கள் சொல்லும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் புள்ளிகளே காரணம் என்று நினைக்கிறேன். ஐந்து சேலைகளிலும் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு சதுரங்களுக்கு நடுவே உள்ள எல்லை கலங்கிவிடுகிறது. ஆகவே ஒரு சுங்குடிச் சதுரம், அடுத்து ஒரு வெற்றுத் துணிச் சதுரம் என்று சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைத்தால், 108 சுங்குடியும் 108 வெற்றுத் துணியும் போதும். வெற்றுத் துணிக்கு வேட்டியும், அதனோடு சந்தன நிறப் பாப்ளினும் கலந்துகொள்ளலாம். மாம்பழ மஞ்சளை மட்டும் அளந்து பயன்படுத்துங்கள், ஏனெனில் பிற நிறங்களை எல்லாம் முந்திக்கொண்டு கண்ணில் படுவது அதுதான். வரிசைக்கு ஒன்றாக 18 சதுரங்களே தாராளம். மிச்சமுள்ள 90 இடங்களை மற்ற நான்கு சேலைகளும் பகிர்ந்துகொள்ளட்டும்.

புதிதாகத் துணி வாங்க நேர்ந்தால் பகலிலேயே போங்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் சேலை எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்போமே, அந்தப் பழக்கம் இதற்கும் வேண்டும். குழல்விளக்கின் அடியில் கருநீலமும் கருப்பும் ஒன்றாகவே தெரிகின்றன.

செல்லூர்த் தையற்காரர் எழுதியது:

அம்மா, நிறத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னது சரியே. துணியின் குணத்தைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். தையல் இழுத்துக்கொண்டதற்குக் காரணம், ரவிக்கைத் துண்டுகளில் பாலியெஸ்டர் கலந்திருப்பதாக இருக்கலாம். பருத்தி நனைந்தால் சுருங்கும், பாலியெஸ்டர் அப்படிச் சுருங்காது; இரண்டையும் ஒரே தையலில் பிணைத்தால் முதல் சலவையில் ஒன்று மற்றொன்றை இழுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு துண்டிலிருந்தும் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியெஸ்டரானால் உருகி, ஆறியபின் கருமணி போலக் கெட்டியாகும். கருமணியானவற்றை இந்தப் போர்வையில் சேர்க்க வேண்டாம்.

சாயம் இறங்குவதற்கு வருகிறேன். கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். சாயத்தொட்டியில் உப்புச் சேர்ப்பது சாயம் நூலில் ஏறுவதற்காகத்தான்; முன்பே சாயமேற்றி முடிந்த சேலையில் ஒட்டாமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயத்தை அது பிடித்து வைக்காது. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியே, கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில், ஒரு வெள்ளைத் துண்டையும் கூடப் போட்டு அலசுங்கள். வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். நாலைந்து முறை அலசியும் அரக்கு நிற்கவில்லையென்றால், அதை வேட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் கருநீலத்தோடு சேர்த்துத் தைக்கும் வேறொரு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு சேலையையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் உட்கார்ந்து எழும் இடமும் நைந்திருக்கும். உள்சுற்றில் துணியும் நிறமும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும், அங்கிருந்து வெட்டுவதே நல்லது. புதிய பாப்ளினுக்குக் கால் அங்குலத் தையல் இடம் போதும். உடுத்திப் பழகிய சேலையில் நூல் பிரியும் என்பதால் அரை அங்குலத்தில் முக்கால் பங்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விடுங்கள். அப்படியானால் எல்லாச் சதுரங்களையும் 5¾ அங்குலமாக வெட்ட வேண்டியிருக்கும். நூலோட்டத்துக்கு நேராகவே வெட்டுங்கள். கிராஸாக வெட்டிய துண்டு தைக்கும்போதே நீண்டு, சதுரம் கோணிவிடும்.

திருநகர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நூலை எரித்துப் பார்த்துவிட்டேன், ஐயா. ரவிக்கைத் துண்டுகளில் பாதிக்கு மேல் கருமணியாகிவிட்டன. மயில் கழுத்துச் சேலையை எந்தக் குவியலில் சேர்ப்பது என்பது மட்டும் பிடிபடவில்லை. கைப்பேசிப் படத்தில் ஒருமுறை நடுத்தரமாகவும் மறுமுறை அடர்த்தியாகவும் தெரிகிறது.

தெப்பக்குளம் தெரு எழுதியது:

அந்தச் சேலையின் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஒரு நிறம்; ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு நிறம், அக்கா. ஆகையால் பார்க்கும் திசை மாறும்போது நிறமும் அடர்த்தியும் மாறுகின்றன. வெட்டும்போதே ஒவ்வொரு சதுரத்தின் பின்புறத்திலும் கரை இருக்கும் திசையைச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் ஒரே நிறமாகத் தெரியும். ஒன்றை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்தால் ஒரே சேலையிலிருந்து இரண்டு நிறங்கள் கிடைக்கும். போர்வையின் நான்கு ஓரங்களிலும் பட்டையாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான துணி உங்களிடம் இல்லை.

சுங்குடிச் சேலைகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றாலும், இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி அச்சிட்டவை. உங்கள் தாயார் காலத்துச் சேலைகளில் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றியது இருக்கக்கூடும். புள்ளிகள் ஒன்றுபோல இல்லாமல் சற்றே ஏறக்குறைய இருந்தால், ஒவ்வொன்றின் நடுவிலும் பொட்டு வைத்தாற்போல நிறம் தங்கியிருந்தால், அது முடிச்சுச் சுங்குடியாக இருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் அமர்ந்து முடிச்சுப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அத்தகைய சேலையை முழுமையாக வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்தச் சேலையையும் முழுமையாக வெட்ட வேண்டிய தேவையும் இல்லை. 45 அங்குல அகலச் சேலையில் குறுக்கே ஏழு சதுரங்கள் கிடைக்கும். ஊசிமுனை சொன்ன கணக்கின்படி ஒரு சேலைக்கு 22 அல்லது 23 சதுரங்கள்தான் என்றால், நான்கு பட்டைகள் போதும். அது 23 அங்குல நீளம், இரண்டு அடிகூட ஆகாது. உள்சுற்றுப் பக்கத்தில் அந்த அளவை எடுத்துக்கொண்டு ஓரம் அடித்துவிட்டால், முந்தானையும் கரையும் அப்படியே இருக்க, மீதியை உங்கள் மகள் தாவணியாகவோ மேல்துண்டாகவோ வைத்துக்கொள்ளலாம்.

திருநகர்வாசி எழுதியது:

ஒவ்வொரு சேலையிலும் இரண்டு அடிக்கும் குறைவு என்பதைப் படித்ததும் பெரும் ஆறுதலாக இருந்தது. கத்தரிப்பூ நிறச் சேலையில்தான் நீங்கள் சொன்ன பொட்டு இருக்கிறது. அதில் கை வைக்கப் போவதில்லை. அதற்கு உரிய சதுரங்களைக் கிளிப்பச்சைக்கும் கருநீலத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அரக்குச் சேலை இப்போது மூன்றாம் முறையாக வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் துண்டில் இன்னும் லேசாகச் சிவப்பு ஏறுகிறது.